ஏழும் ஒன்பதும்

நெஜிபாவின் அழைப்பு வந்தபோது ஒல்ஃபா ஒரு பழைய திருட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைதோறும் அவளுக்கு அதுதான் வேலை. வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் உள்ள ஸ்ஃபக்ஸ் நகரத்துச் செய்தித்தளம் ஒன்றில் கணினிப் பக்கம் முழுக்க அவளுடையது. அந்த வாரம் உலகத்தில் யார் யாருடைய கணக்குகள் களவு போயின, எத்தனை லட்சம் பேரின் விவரங்கள் வெளியே வந்தன என்பதையெல்லாம் மேலே போடுவாள். கீழே ‘பழைய பூட்டு’ என்று ஒரு பத்தி. இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்த ஏதாவது ஒரு கணினிக் களவை எடுத்துக்கொண்டு, அது எந்த ஓட்டை வழியாக நடந்தது, அதே ஓட்டை இன்றைக்கும் எங்கெங்கே அடைக்காமல் கிடக்கிறது என்று எழுதுவாள். அதற்கென்று கொஞ்சம் வாசகர்கள் இருந்தார்கள். நாற்பத்தொரு வயதிலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற ஒருத்திக்கு அது போதுமாக இருந்தது.

“ஏய் பேப்பர்காரி, உயிரோட இருக்கியா?” என்றாள் நெஜிபா.

“இருக்கேன். சொல்லு.”

“சங்கத்து மெயில் திறக்க மாட்டேங்குது. நேத்து சாயங்காலத்துலருந்து தப்பு, தப்புன்னே சொல்லுது. என் புருஷன்கூட இத்தனை வருஷத்துல என்னை இத்தனை தடவை தப்புன்னு சொன்னதில்ல.”

நெஜிபா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடலில் காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது எல்லாம் அவள்தான். அவளுடைய தம்பியும் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறான். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவளுக்கு வேடிக்கைப் பேச்சு வராது.

“பெரிய எழுத்து விசை அழுத்தியிருக்கும், பாரு.”

“பாத்தாச்சு. மெஷினை அணைச்சுப் போட்டாச்சு. குர்ஆன் ஓதி ஊதியாச்சு. அடிக்கிறதுதான் பாக்கி.”

“பாஸ்வேர்டை கடைசியா யாரு மாத்தினது?”

“மாத்துறதா? எதுக்கு மாத்தணும்? பதினோரு வருஷமா ஒரே பாஸ்வேர்ட்தான். நீதானடி சொல்லிக் குடுத்தே! உன் கட்டுரையை வெட்டி சுவத்துல ஒட்டியிருக்கோமே, மறந்துட்டியா?”

ஒல்ஃபாவின் கை மேசைமேல் அப்படியே நின்றது. மறக்கவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன், அந்தத் தளம் இன்னும் அச்சுப் பத்திரிகையாக இருந்தபோது, அவள் எழுதிய கட்டுரை அது. அவள் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான்.

அப்போதெல்லாம் கைப்பேசியில் அரபு எழுத்து கிடையாது. ரோமன் எழுத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பேச்சை எழுத வேண்டும். நெஞ்சிலிருந்து வரும் ஹகரத்துக்கு அதில் எழுத்தில்லை. அந்த அரபு எழுத்தின் வடிவத்தோடு கொஞ்சம் ஒத்துப்போகிறதே என்று எண் ஏழைப் போட்டார்கள். தொண்டைக்குழியில் இடிக்கும் ககரத்துக்கு ஒன்பது. இன்னொரு ஒலிக்கு மூன்று. யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. ஒல்ஃபா அதைப் பார்த்துத்தான் எழுதினாள்: ‘கடவுச்சொல்லில் எழுத்தும் எண்ணும் கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள். நாம் பேசுவதே அப்படித்தானே! உங்கள் மனசுக்கு மிக நெருக்கமான சொல்லை நம் பேச்சில், நம் எண்களோடு எழுதுங்கள். நீங்களும் மறக்க மாட்டீர்கள். எந்த நாட்டுத் திருடனின் அகராதியிலும் அது இருக்காது.’

எழுதியபோது அது உண்மைதான். அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்திக் கைகொடுத்தார்கள். வங்கியில் வேலை பார்த்த ஒருவர், “நம்ம பேச்சுக்கு முதல் தடவையா ஒரு பெருமை கிடைச்சுது தங்கச்சி” என்றார்.

“அந்த வார்த்தை என்னன்னு இப்ப சொல்லாதே,” என்றாள் ஒல்ஃபா. “மெசேஜ்லயும் அனுப்பாதே.”

“அதான் திறக்கவே மாட்டேங்குதே, சொன்னா என்ன? 7அர்9எத் 9அல்பி. நம்ம ஷெத்லியாம்மா சொன்ன வார்த்தை. போட்டதும் பச்சைக் கோடு முழுசா நிறைஞ்சுதே! ‘மிக வலுவானது’ன்னு அந்த மெஷினே சொல்லிச்சு.”

அதற்கு என் நெஞ்செரிவு என்று பொருள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எவளும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்கிற சொல். அதோடு, அனுமதிப் பத்திரமில்லாமல் கடல் தாண்டிப் போவதற்கும் அந்தக் கரையில் ‘எரிப்பது’ என்றுதான் பெயர். போகிறவர்கள் தங்கள் அடையாளக் காகிதங்களை எரித்துவிட்டுப் போவார்கள். மகன் எரித்தான், தாய் எரிகிறாள் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். அந்தச் சொல்லில் ஏழு ஒரு தடவை வரும், ஒன்பது இரண்டு தடவை வரும்.

அந்த மெயிலுக்குள் நூற்று அறுபத்து மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு கோப்பு. புகைப்படம், உடைந்த பல், முழங்காலில் தையல் போட்ட தழும்பு, புறப்பட்ட அன்று போட்டிருந்த சட்டையின் நிறம், அதைத் தைத்த நூலின் நிறம். வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள், அவன் தாயை எப்படிக் கூப்பிடுவான். பலபேருக்கு, படகிலிருந்து அனுப்பிய கடைசிக் குரல். அக்கரையில் ஒரு உடல் ஒதுங்கினால் அங்கிருந்து யாராவது எழுதுவார்கள். இங்கே நெஜிபா கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பாள். பதினோரு வருடத்தில் ஒன்பது பேருக்கு அப்படிக் கல்லறை கிடைத்தது. அந்த ஒன்பது தாய்மாரை மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

அழைப்பை வைத்துவிட்டு ஒல்ஃபா தன்னிடமிருந்த பழைய பட்டியல்களைத் திறந்தாள். களவு போன கடவுச்சொற்களைத் திருடர்கள் தொகுத்து ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்கிற பட்டியல்கள். செய்திக்காக அவள் சேர்த்து வைத்திருந்தாள். உள்ளே போய்ப் படித்ததில்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதுவாள். இத்தனை லட்சம், இத்தனை கோடி.

அந்த நெஞ்செரிவைத் தேடிப் பார்த்தாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர் அதே சொல்லை வைத்திருந்தார்கள். அதே ஏழு, அதே ஒன்பது.

அதற்கு மேலும் கீழும் பார்வை போயிற்று. ‘என் கண்ணே’, மூன்றோடு. ‘என் உயிரே’, ஏழோடு. தாய்மாரின் பெயர்கள். உள்ளூர்க் கால்பந்து அணியின் பெயர், வசவோடும் வாழ்த்தோடும். ‘ஹஜ்ஜுக்குப் போகணும்.’ ‘அப்பா மன்னிச்சிடுங்க.’ ஒருவர் ‘திரும்பி வா’ என்று வைத்திருந்தார். அவள் சொன்னபடியே செய்திருந்தார்கள். மனசுக்கு மிக நெருக்கமான சொல்லை எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு ஊரே வரிசையில் நின்று அவளிடம் ரகசியத்தைச் சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

பட்டியலின் தேதியைப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. அது வெளியான செய்தியை அவளேதான் எழுதியிருந்தாள், நான்கு வரியில். ‘வட ஆப்பிரிக்கப் பேச்சுவழக்குச் சொற்களும் இப்போது திருடர்களின் பட்டியலில் சேர்ந்துள்ளன.’ எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருந்தாள். சுவரில் ஒட்டிய கட்டுரை சுவரிலேயே இருந்தது.

ஆசிரியர் ரிதாவிடம் சொன்னபோது அவர் தேநீரை வைத்துவிட்டு, “சத்தமில்லாம எடுத்துடு. பதினாலு வருஷத்துக்கு முந்தினதை யாரு படிக்கப்போறா?” என்றார்.

“போன மாசம் நானூறு பேர் படிச்சிருக்காங்க.”

“அப்ப இன்னும் சத்தமில்லாம எடு.”

அவள் எடுக்கவில்லை. கட்டுரைக்கு மேலே சிவப்பு எழுத்தில் இரண்டு வரி சேர்த்தாள். ‘கீழே உள்ளதைப் பின்பற்ற வேண்டாம். ஒன்பது வருடமாக இது தவறு; எழுதியவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.’ அதைப் போட்டதும் நெஞ்சு லேசாகவில்லை. அது இனிமேல் வரப்போகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே வந்துபோனவர்களிடம் போய் எப்படிச் சொல்வது?

மெயிலை மீட்க ஒரே வழி இருந்தது. மீட்கும்படி கேட்டால், பதிவு செய்த கைப்பேசிக்கு ஆறு இலக்கத்தில் ஒரு எண் வரும். அதைப் போட்டால் புதுக் கடவுச்சொல் வைத்துத் திருடனை வெளியே தள்ளிவிடலாம். அந்தக் கைப்பேசி சங்கத்துத் தாய்மாரில் ஒருத்தியான ஷெத்லியாவுடையது. சங்கம் தொடங்கியபோது, எண்ணை மாற்றவே மாட்டேன் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். கடலில் காணாமல் போன மகன் மக்ரமுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

திருடனுக்கும் அது தெரிந்திருந்தது. உள்ளே நுழைந்தவன் சில நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். ஆனால் கைப்பேசி எண்ணைத் தன் பெயருக்கு மாற்ற, அவனுக்கும் அந்த ஆறு இலக்கம் வேண்டும். அதை வாங்கிவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது. சங்கத்தின் பெயரிலேயே நூற்று அறுபத்து மூன்று வீட்டுக்கும் எழுதலாம். அவர்களுடைய தழும்புகளையும் செல்லப் பெயர்களையும் அவர்களுக்கே விற்கலாம். ஜர்ஸீஸ் ஊரில் ஒரு தாய் அப்படி வந்த செய்தியை நம்பி அதற்குள் கைவளைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நெஜிபா தன் மொபெட்டோடு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“ஷெத்லியாம்மா போனை எடுத்தாங்க. நம்பர் எதுவும் வரலைன்னாங்க. அப்புறம் மெதுவா, ‘யார்கிட்டயும் சொல்லக்கூடாது, உன்கிட்ட மட்டும் சொல்றேன், மக்ரம் கிடைச்சுட்டான்’னாங்க.”

“யாரு சொன்னாங்களாம்?”

“மக்ரமே சொன்னானாம். குரல்லயே பேசுறானாம், ஒல்ஃபா.”

ஒல்ஃபா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாற்பது வினாடிக் குரல் இருந்தால் போதும், அதே குரலில் கணினியை என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம் என்று மூன்று மாதத்துக்கு முன் அவளே செய்தி போட்டிருந்தாள். மக்ரமின் கடைசிக் குரல் நாற்பத்தொரு வினாடி.

கிரெம்தா சாலை நான்காவது கிலோமீட்டரில், வேலியோரம் சப்பாத்திக் கள்ளி வளர்ந்த சந்துக்குள் ஷெத்லியாவின் வீடு. சுத்தியல் சத்தம் வெளியிலேயே கேட்டது. வியாபாரி மூட்டையாகப் போட்டுவிட்டுப் போகும் வாதுமையை உடைத்துப் பருப்பெடுப்பது அவளுக்கு வேலை. முற்றத்தில் பாயை விரித்து, ஒரு தட்டைக் கல்லை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. தலைக்குப் புதிதாக மருதாணி போட்டிருந்தாள். மகனை எதிர்பார்த்துத்தான் என்று ஒல்ஃபாவுக்குப் பட்டது.

“வாங்கடி. ரெண்டு பேரும் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க. உக்காருங்க. பருப்பு எடுத்துத் தின்னுங்க, வியாபாரி எண்ணி வெச்சுட்டுப் போகலை.”

“மருதாணி யாருக்கு பெரிம்மா? மாப்பிள்ளை பாத்தாச்சா?” என்றாள் நெஜிபா. குரல் உடைந்து பாதியில் நின்றது.

“பாத்தாச்சு. உன் புருஷனைத்தான். உனக்குத்தான் வேண்டாமே.”

கல்லின்மேல் ஒரு வாதுமையை நிறுத்தி ஒரே அடியில் பிளந்தாள். ஓடு தனியே, பருப்பு தனியே விழுந்தது. கைப்பேசி அவள் மடியில், முந்தானையில் சுற்றிக் கிடந்தது.

ஒல்ஃபா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். வரும் வழியில் சேர்த்து வைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

“பெரிம்மா, சங்கத்து மெயிலை ஒருத்தன் திறந்துட்டான். அதுக்குள்ள எல்லாம் இருக்கு. மக்ரம் உங்களை எப்படிக் கூப்பிடுவான்னு நீங்க எழுதிக் குடுத்தது இருக்கு. அவன் குரல் இருக்கு. அதை வெச்சுத்தான்…”

சுத்தியல் நிற்கவில்லை.

“அவன் உங்ககிட்ட ஒரு நம்பர் கேட்டிருப்பான். ஆறு இலக்கம். குடுத்துட்டீங்களா?”

“கேட்டான். நாலு நாளாக் கேக்குறான்.”

“குடுத்துட்டீங்களா பெரிம்மா?”

“முதல் நாள் மூக்குக்கண்ணாடி உடைஞ்சுபோச்சுன்னேன். ரெண்டாம் நாள் மெசேஜ் வரலைன்னேன். நேத்து போன் தண்ணியில விழுந்துடுச்சு, எழுத்து தெரியலைன்னேன்.” உடைந்த ஓடுகளை ஒதுக்கித் தள்ளினாள். “இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லலைன்னா இனிமே பேச மாட்டேன்னு சொல்லியிருக்கான்.”

நெஜிபாவும் ஒல்ஃபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னொண்ணு சொல்லணும்,” என்றாள் ஒல்ஃபா. காது சிவந்துவிட்டது. “அவன் உள்ள வந்ததுக்கு நான்தான் காரணம். அந்த மாதிரி வார்த்தை வைக்கச் சொல்லி எழுதினது நான். அது பாதுகாப்பு இல்லைன்னு ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே எனக்குச் செய்தி வந்துச்சு. நானே அதைப் பத்திரிகையில போட்டேன். உங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணலை. சுவத்துல ஒட்டியிருக்கீங்கன்னு தெரியும். அதைப் பாத்துப் பெருமைப்பட்டுட்டுப் போனேன்.”

ஷெத்லியா சுத்தியலைக் கீழே வைத்தாள். தூரத்தில் யாரோ பழைய இரும்பு கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள்.

“நீ எழுதலைன்னா மட்டும் நாங்க வேற என்ன வார்த்தை வெச்சிருப்போம்?” என்றாள் கடைசியில். “எங்ககிட்ட வேற வார்த்தை ஏது?” பிறகு, “ஆனாலும் வந்து சொல்லியிருக்கலாம்டி. ஒன்பது வருஷம். பஸ்ஸுக்கு அரை தினார்தானே?” என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. ஒல்ஃபா திட்டு வாங்கத்தான் வந்திருந்தாள். இது அதைவிடக் கனமாக இருந்தது.

“கேக்குறீங்களா?” என்று ஷெத்லியா மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். பதினொரு குரல் செய்திகள் இருந்தன. முதலாவதை அழுத்தினாள்.

‘ஷெத்லூனா, நான்தான். பயப்படாதே. நான் உயிரோட இருக்கேன். இங்க ஒரு ஜெயில்ல இருக்கேன், பேர் சொல்ல முடியாது…’

அம்மாவை மக்ரம் கூப்பிடும் செல்லப் பெயர் அது. நெஜிபா வாயைப் பொத்திக்கொண்டாள். மக்ரம் அவள் தம்பியோடு ஒன்றாகப் பந்து விளையாடியவன், ஒன்றாகப் படகேறியவன். அது அவன் குரலேதான். சொல்லின் கடைசியை இழுக்கிற இழுப்பு, சிரிக்கப்போகிற மாதிரி ஒரு தயக்கம், எல்லாம் இருந்தது.

“இது அவன் இல்ல பெரிம்மா,” என்று அழுதாள் நெஜிபா. “அல்லாஹ்மேல சத்தியமா அவன் இல்ல. இது மெஷின். நம்பாதீங்க.”

“தெரியும்டி.”

“என்ன தெரியும்?”

“மொத தடவை கேட்டப்பவே தெரியும். என்னை என்னன்னு நினைச்சே?” ஷெத்லியா கைப்பேசியைக் காதருகே பிடித்து இன்னொரு செய்தியை ஓடவிட்டாள். “நல்லாக் கேளு. மூக்கு அடைச்சிருக்கு பாரு. அவன் படகேறுன வாரம் அவனுக்குச் சளி. நான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தேன், குடிக்காமலே போயிட்டான். கடைசியா அனுப்புனதுல அதே மூக்கடைப்பு. இப்ப பன்னெண்டு வருஷம் ஆச்சு. எந்தப் பிள்ளைக்குடி பன்னெண்டு வருஷமாச் சளி போகாம இருக்கும்?”



“அப்புறம் ஏன்?” என்றாள் ஒல்ஃபா மெதுவாக. “ஏன் நாலு நாளா…”

“அந்த நாப்பத்தொரு வினாடியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? அதுல ஒரு வார்த்தை மாறாது. இவன் புதுசு புதுசாப் பேசுறான். சாப்பிட்டியான்னு கேக்குறான். கால் வலி எப்படியிருக்குன்னு கேக்குறான். திருட்டுப் பயல்தான். கல் மனசுக்காரன்தான். இருந்தாலும் கேக்குறான்ல?” முந்தானையால் கைப்பேசியின் முகத்தைத் துடைத்தாள். “தன் ஒருத்தியோட ஆசைக்கு மத்தவங்க பிள்ளைங்களையெல்லாம் பணயம் வெச்சுட்டாளேன்னு நினைக்காதீங்க. நாலு நாளா நானும் அதைத்தான் நினைச்சுட்டு உக்காந்திருக்கேன். சாப்பாடு இறங்கலை.”

ஒல்ஃபா மடிக்கணினியைத் திறந்தாள். “பெரிம்மா, அவன் உள்ளேயேதான் இருக்கான். எந்த நிமிஷம் வேணும்னாலும் எல்லாத்தையும் அழிச்சுட முடியும். நான் இப்ப கேட்டா உங்க போனுக்கு நம்பர் வரும். பத்து நிமிஷம்தான் செல்லும். எனக்குச் சொல்லுங்க.”

“கேளு.”

ஒல்ஃபா கேட்டாள். ஷெத்லியாவின் கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. எண் வந்துவிட்டது. ஷெத்லியா அதைப் பார்த்தாள், சொல்லவில்லை.

“ஒரே ஒரு தடவை,” என்றாள்.

“பெரிம்மா, வேண்டாம்.”

“பத்து நிமிஷம்னு நீதானே சொன்னே?”

கைப்பேசியை வாயருகே வைத்து, ஷெத்லியா திருடனிடம் பேசினாள். அவள் குரல் அதுவரை பேசிய குரலாக இல்லை. சாயங்காலம் மகனைத் தெருவிலிருந்து கூப்பிடுகிற குரல்.

“மக்ரம், நம்பர் வந்துடுச்சு. தர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நீ வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னா என்ன சொல்லுவியோ, அதை ஒரு தடவை சொல்லு.”

அனுப்பினாள். செய்தி போய்ச் சேர்ந்த அடையாளம் வந்தது. அவன் கேட்டுவிட்ட அடையாளமும் வந்தது.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஒல்ஃபா திரையின் ஓரத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவன் இந்த நேரத்தில் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவன் அனுப்பிய எழுத்துச் செய்திகளை அவள் சற்றுமுன் பார்த்திருந்தாள். ஏழு, ஒன்பது, மூன்று எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. வெளிநாட்டுத் திருடன் இல்லை. இதே ஊர்ப் பேச்சு, ஒருவேளை இதே ஊர். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். அவளும் நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லை அவன் எங்கிருந்தும் கற்க வேண்டியிருந்திருக்காது. ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு ஆயிற்று.

கைப்பேசி அதிர்ந்தது.

ஷெத்லியா அதைத் தரையில், ஓடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள்.

‘அம்மா, நான்தான். கதவைத் திற.’

நெஜிபா தன்னையறியாமல் திரும்பி வாசல் கதவைப் பார்த்தாள். ஷெத்லியா பார்க்கவில்லை. இன்னொரு தடவையும் போட்டுக் கேட்கவில்லை. கண்ணை மூடி ஒரு முறை தலையை ஆட்டினாள், யாரோ சொன்னது சரி என்பதுபோல.

“எழுதிக்கோ,” என்றாள். “நாலு. பூஜ்யம். ஏழு. ஏழு. ரெண்டு. ஒண்ணு.”

ஒல்ஃபா போட்டாள். திரை மாறியது. முன்பே வீட்டில் குலுக்கிப் போட்டுத் தேர்ந்த, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை இரண்டு தடவை தட்டினாள். திறந்திருக்கும் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும்படி சொன்னாள். பெட்டி திறந்தது. கோப்புகள் கீழே கீழே இறங்கின. நெஜிபா தன் ஈரமான விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தன் தம்பியின் பெயரில் ஒரு நொடி நின்று, மறுபடி எண்ணினாள். நூற்று அறுபத்து மூன்றும் இருந்தன.

“எல்லாரும் இருக்காங்க பெரிம்மா,” என்றாள்.

“அல்ஹம்துலில்லாஹ்.”

தரையில் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. எழுத்தில் ஒரு செய்தி. ‘அம்மா நம்பர்?’ மறுபடி அதிர்ந்தது. ‘அம்மா?’

“அந்த நம்பரை இப்ப தடுத்துடணும்,” என்றாள் ஒல்ஃபா. “இல்லைன்னா அந்தக் குரல்லயே வேற எதையாவது கேட்டு மறுபடி வருவான்.”

“பேசினது எல்லாம் அழிஞ்சுடுமா?”

“அழியாது. உங்க போன்லயே இருக்கும். புதுசா வராது. அவ்வளவுதான்.”

“புதுசா வராது,” என்று ஷெத்லியா திருப்பிச் சொன்னாள்.

ஒல்ஃபா கைப்பேசியை வாங்கினாள். பேச்சின் மேலே இருக்கும் எண்ணைத் தொட்டாள். அங்கே எண் இல்லை, பெயர் இருந்தது. தெரியாத எண்ணாக வந்ததை ஷெத்லியா முதல் நாளே பெயர் போட்டுச் சேமித்திருந்தாள். ஒல்ஃபா கீழே போய்த் தடுக்கும் இடத்தை அழுத்தினாள். கைப்பேசி எல்லோரிடமும் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டது.

‘மக்ரமைத் தடுக்க வேண்டுமா? இனி இவரால் உங்களை அழைக்கவோ உங்களுக்குச் செய்தி அனுப்பவோ முடியாது.’

கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள்.

பதினான்கு வருடமாக இதை அழுத்துங்கள் என்று எழுதி வந்தவளால் அழுத்த முடியவில்லை. கட்டைவிரல் கண்ணாடிக்கு மேலே நின்றது.

“என்னடி கேக்குது?” என்றாள் ஷெத்லியா. மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்று திருடனிடம் சொன்னது பாதி உண்மைதான். பெரிதாக வரும் எண் தெரியும், சின்ன எழுத்து அவளுக்குத் தெரியாது.

ஒல்ஃபா வாசித்துக் காட்டினாள். பெயரைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. முழுவதையும் வாசித்தாள்.

ஷெத்லியா கையிலிருந்த வாதுமைத் தூசியைத் தட்டினாள். முந்தானையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“குடு. எந்தப் பக்கம் அழுத்தணும்னு காட்டு. நான்தான் அழுத்தணும்.”

ஒல்ஃபா காட்டினாள்.